மச்சானின் ஜிபிஎஸ்ஸும் குண்டுக்கல் டப்பாவும்

கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. அடுத்தவர் மெஷினைக் கையில் கொடுத்தால் அதைச் சுத்தம் செய்யாமல் திருப்பித் தர மாட்டார்கள். அந்த வியாதி எனக்கு முற்றிப்போயிருந்த 2009-இல் நடந்தது இது. அப்போது சிதம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கணினிப் பயிற்றுநராக இருந்தேன். (விசிட்டிங் கார்டில் அப்படித்தான் போட்டிருந்தது. கார்டு அடித்தது நானேதான், சென்டர் பிரிண்டரில்.) "நியூ ஃபோல்டர், நியூ ஃபோல்டர் 2, நியூ ஃபோல்டர் 3 என்று பெயர் வைக்காமல் கிடப்பதெல்லாம் குப்பை, யோசிக்காமல் அழி" என்பதுதான் மாணவர்களுக்கு நான் நடத்தும் முதல் நாள் பாடம்.

கல்யாணமாகி ஆறு மாதம். மனைவி ஸ்டெல்லாவுக்குக் கடலூர், துறைமுகம் பக்கம். அவளுடைய அண்ணன் அருள்தாஸ் மச்சான் சொந்தமாக ஃபைபர் படகு (அவர்கள் பேச்சில் 'போட்டு') வைத்து மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். அதிர்ந்து பேசாத மனிதர். நான் மாமியார் வீட்டுக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வைத்து, "எங்க மாப்ள கம்ப்யூட்டர்ல வாத்தியாரு" என்பார். ஐந்து நிமிடத்தில் அந்தத் தெருவில் ரிப்பேரான செல்போனெல்லாம் என் மடிக்கு வந்துவிடும். பாதியைச் சரி செய்வேன். மீதியை, "இது கம்பெனிக்குத்தான் போகணும்" என்று முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுப்பேன். மரியாதை மட்டும் குறையவே இல்லை.

இப்படி இருக்கும்போது சிங்கப்பூரிலிருந்து கல்லூரி நண்பன் பிரபு ஒரு மெயில் அனுப்பினான். உலகம் முழுக்க ஒரு விளையாட்டு நடக்கிறதாம். யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு டப்பாவை ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். ஜிபிஎஸ் மெஷினை வைத்துக்கொண்டு நாம் தேடிப் போக வேண்டும். டப்பாவுக்குள் ஒரு நோட்டு இருக்கும், அதில் பெயர் எழுத வேண்டும். உள்ளே இருக்கும் சாமான் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு நம்முடையது ஒன்றை வைக்க வேண்டும். அப்புறம் டப்பாவை இருந்த இடத்திலேயே ஒளித்துவிட்டு வர வேண்டும். (அவ்வளவுதான். பரிசு கிடையாது. நானும் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன்.)

"உன் மாமியார் ஊர்லயே ஒண்ணு இருக்குடா. குண்டுக்கல் பக்கத்துல. யாரோ வெள்ளைக்காரர் ரெண்டு வருஷம் முந்தி வெச்சது. இன்னும் ஒருத்தரும் எடுக்கல" என்று எழுதியிருந்தான்.

குண்டுக்கல் எனக்குத் தெரியும். கடலூர்க் கோட்டையை அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கம்பெனிக்காரன் வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழுந்த இடம் வரைக்கும் தனக்கு என்று எல்லை வைத்துக்கொண்டான் என்பார்கள். இன்றைக்கும் அந்தப் பக்கம் சில ஊர்ப் பெயரோடு 'குண்டு' ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்படி ஒரு குண்டு விழுந்த இடம் என்று சொல்லி, முந்திரித் தோப்பு ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நிற்கிறது. அதில் இருக்கும் எழுத்தை வாசித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

'இன்னும் ஒருத்தரும் எடுக்கல' என்ற வரியை நான் நாலு தடவை படித்தேன். உலகத்திலேயே முதல் ஆள். கையெழுத்து எப்படிப் போடுவது என்று அன்றைக்கே பழகிப் பார்த்துவிட்டேன்.

மெஷின்தான் இல்லை. ஆனால் மச்சானிடம் இருந்தது. சுனாமிக்கு அப்புறம் போட்டுக்காரர்கள் பலர் கையடக்க ஜிபிஎஸ் வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் கடலுக்குப் போக மாட்டார்கள். அதனால் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் வைத்தே மச்சானிடம் கேட்டேன்.

அவர் வீட்டுக்குக் கூட்டிப்போய், ஜிப் வைத்த ஒரு பையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார். பைக்குள் பிளாஸ்டிக் உறை போட்ட சின்ன அந்தோணியார் படம் ஒன்றும் இருந்தது.

"தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாது மாப்ள. கீழ போட்டாலும் ஒண்ணும் ஆவாது. தைரியமா எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு விடியக் கருக்கல்ல தொழிலுக்குப் போறேன், இன்னிக்குச் சாயந்தரம் குடுத்துட்டா போதும்" என்றார்.

மெஷினைக் கெடுக்க அவர் சொல்லாத மூன்றாவது வழி ஒன்று இருந்தது.

ஸ்டெல்லாவையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். (பிரியாணிக் கடைக்குப் போகிறோம் என்று அவள் நினைத்திருந்தாள். வழியெல்லாம் பேசவில்லை.) முந்திரித் தோப்பு நிழலில் வண்டியை நிறுத்தி மெஷினைத் திறந்தேன். பிரபு அனுப்பிய எண்களை ஏற்ற வேண்டும். உள்ளே போனால் 001, 002, 003 என்று வரிசையாக 094 வரைக்கும் கிடந்தது. ஒன்றுக்கும் பெயர் இல்லை. எனக்குக் கை அரித்தது. பாவம் மச்சான், பட்டன் தெரியாமல் அமுக்கி அமுக்கி இவ்வளவு குப்பை சேர்ந்துவிட்டது, நாம் ஒரு உதவி செய்வோம் என்று நினைத்தேன். 'எல்லாவற்றையும் அழிக்கவா' என்று மெஷின் கேட்டது. அழி என்றேன். 'நிச்சயமாகவா' என்று திரும்பவும் கேட்டது. அதற்கு இருந்த நிதானம் எனக்கு இல்லை.

பளிச்சென்று ஆகிவிட்டது. குண்டுக்கல்லின் எண்களை ஏற்றினேன். அதற்கு 001 என்று மெஷினே பெயர் வைத்துக்கொண்டது.

அம்பு காட்டிய பக்கமெல்லாம் நடந்தேன். கல்லுக்குப் பத்தடி தூரத்தில் வந்ததும் அம்பு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று ஆட ஆரம்பித்தது. நானும் கூடவே ஆடினேன். இதைத் தோப்புக்குள்ளிருந்து ஒரு பெரியவர் ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தலையில் துண்டு, கையில் அரிவாள்.

"இன்னா சார் பண்றீங்க?" என்றார்.

டப்பா தேடுகிறோம் என்று ஸ்டெல்லா வாயெடுத்தாள். ஆனால் கணினிப் பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போது மற்றவர் விளக்கம் சொல்லலாமா? "ஒரு பாயின்ட் மார்க் பண்ணியிருக்கோம் ஐயா. சேட்டிலைட் மூலமா அளந்து பாக்குறோம்" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "எவ்ளோ தூரம் வரைக்கும்?"

"உலகம் முழுக்க எங்க வேணாலும் அளக்கலாம்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கடைசியில் டப்பாவைக் கண்டுபிடித்தது ஸ்டெல்லா. மெஷினையெல்லாம் பார்க்காமல் நேராகக் கல்லுக்குப் பின்னால் போய், காய்ந்த சருகை ஒதுக்கி, பாலிதீன் சுற்றிய ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தாள். "ஒளிச்சு வெக்கிறவன் வேற எங்க வெப்பான்?" என்றாள்.

உள்ளே ஒரு குட்டி நோட்டு, பென்சில், ஒரு சாவி வளையம். நோட்டின் முதல் பக்கம் காலி. நான் முழுப் பெயர், 'கணினிப் பயிற்றுநர், சிதம்பரம்', தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, உடன் வந்தவர் மனைவி என்று ஒரு பக்கம் நிறைய எழுதினேன். சாவி வளையத்தை எடுத்துக்கொண்டேன். பதிலுக்கு வைக்கச் சட்டைப் பையில் ஒன்றும் இல்லை. மெஷின் பையைத் துழாவினேன். அந்தோணியார் கையில் வந்தார்.

"அண்ணன் படம் அது, வெச்சிடாதீங்க" என்றாள் ஸ்டெல்லா.

"பழசாப் போச்சு. கோயில் கடையில புதுசு வாங்கி வெச்சிடலாம். உங்கண்ணன் சந்தோஷப்படுவாரு" என்றேன்.

பழையதை உறையோடு டப்பாவுக்குள் வைத்து, டப்பாவை இருந்த இடத்திலேயே ஒளித்தேன். சொன்னபடியே புதிதாக ஒன்று வாங்கி, அதே மாதிரி உறை போட்டு, பைக்குள் வைத்து, சாயங்காலம் மச்சானிடம் கொடுத்தேன். உள்ளே எல்லாம் க்ளீன் பண்ணி வைத்திருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். அவரே பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று விட்டுவிட்டேன். ராத்திரி மாமியார் வீட்டிலேயே தங்கி நிம்மதியாகத் தூங்கினேன்.

காலை ஆறு மணிக்கு என் செல்போன் அடித்தது. மச்சான்.

"எழுந்துட்டீங்களா மாப்ள? ஒண்ணும் அவசரம் இல்ல. கடல்ல நிக்கிறேன். ஒண்ணாம் நம்பர் போட்டேன், அம்பு கரையைக் காட்டுது."

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"மத்த நம்பர்லாம் எங்க மாப்ள?"

"குப்பையா கெடந்துச்சு மச்சான். க்ளீன் பண்ணி வெச்சேன்."

அலைச் சத்தத்தோடு மெஷின் பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"செரி. பரவால்ல. சீட்டு இருக்கு" என்றார். ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் கொஞ்சம் மெதுவாக, "மாப்ள, இது புது அந்தோணியாரு. நம்ம அந்தோணியாரு எங்க? அவரு மூஞ்சில உப்புக்கறை இருக்கும்."

அந்த உறைக்குள், படத்துக்குப் பின்னால், எட்டாக மடித்த ஒரு சீட்டு இருந்திருக்கிறது. தொண்ணூற்று நாலு இடத்தின் எண்களும் பொடி எழுத்தில் அதில்தான். மெஷினுக்கு ஏதாவது ஆனால் கடலில் கைக்கு எட்ட வேண்டும் என்று மச்சான் அங்கே வைத்திருந்தார். வீட்டில் ஒரு நகல் கிடையாது, எவனாவது பார்த்துவிடுவான் என்று. ஒவ்வொரு எண்ணும் கடலுக்கடியில் பாறை இருக்கிற, மீன் கூடுகிற இடம். களவா மீன் எதில், சங்கரா மீன் எதில், எந்த மாதத்தில் எது என்பது அவர் மனசில் இருந்தது. அதனால்தான் பெயர் வைக்கவில்லை.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது ஸ்டெல்லா. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அதுல இருவது எடம் எங்கப்பா காட்டுனது. முடியாம கெடந்தப்போகூட ஒரு மாசம் போட்டுல ஏறி உக்காந்து, இங்க அமுக்கு, இங்க அமுக்குன்னு அண்ணனுக்குக் காட்டிட்டுப் போனாரு. இப்ப யாரக் கேக்கறது?"

அதுவரைக்கும் எனக்குப் பயம்தான் இருந்தது. அதைக் கேட்டதும் வெட்கம் வந்தது. மாமனாரை நான் பார்த்ததில்லை. பார்க்காத மனிதரின் கடைசி மாதத்தை ஒரு பட்டனில் அழித்திருக்கிறேன். மீதியைக் கொண்டுபோய்க் கல்லுக்குப் பின்னால் வைத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு சாவி வளையம் வாங்கி வந்திருக்கிறேன். மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மச்சான் எட்டு மணிக்குக் கரைக்கு வந்தார். திட்டவில்லை. "வாங்க, போய் எடுத்துட்டு வந்துருவோம்" என்றார். மூன்று பேரும் ஒரே பைக்கில் போனோம். அவர் மடியில் ஜிபிஎஸ். அதில் மிச்சமிருந்த ஒரே எண் 001. அம்பு நேராகக் குண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போனது.

டப்பா இல்லை. சருகு கிளறிக் கிடந்தது. குழிகூடத் தோண்டிப் பார்த்திருந்தார்கள்.

தோப்பை ஒட்டிய வீட்டு வாசலில் ஒரு அம்மா முந்திரிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். டப்பாவைப் பற்றிக் கேட்டோம். "எங்கூட்டுக்காரருதான் எடுத்தாரு. நேத்து எவனோ வந்து நெலத்த அளந்துட்டுக் கல்லுகிட்ட குறி பொதைச்சிட்டுப் போனானாம். டப்பாவ எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீசு போயிருக்காரு. இன்னிக்குத் திங்கக்கெழமையாச்சே, மனு குடுக்க" என்றார். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் கையில் மெஷினோடு ஒருவன் வயல் ஓரம் நடந்தால், அவன் நிலம் எடுக்க வந்தவன் என்றுதான் அர்த்தம். ஒன்று பைபாஸ், இல்லாவிட்டால் தொழிற்பேட்டை. சர்வே குச்சி நட்டுவிட்டுப் போனால், அவன் தலை மறைந்ததும் பிடுங்கி எறிகிறவர்களும் உண்டு. தொழிற்பேட்டைக்கு நிலம் போன செம்மங்குப்பம் வழியாகப் பஸ்ஸில் நூறு தடவை போய்வந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்க ஏகப்பட்ட கூட்டம். வரிசையில் ஏழாவதாக அந்தப் பெரியவர் நின்றார். கலியபெருமாள் என்று பிறகு தெரிந்தது. அவருக்குப் பின்னால் அவர் ஊர்க்காரர்கள் நாலு பேர். மஞ்சள் பைக்குள் என் டப்பா. கையில் மனு. மனு கவுன்டருக்குள் போய்விட்டால் சீட்டும் கூடவே ஃபைலுக்குள் போய்விடும். மச்சான் வியர்த்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கலியபெருமாள் என்னைப் பார்த்ததும் பக்கத்து ஆட்களிடம், "இவுருதான்" என்றார். வரிசையே திரும்பியது.

"ஐயா, நான் சர்வேயர் இல்ல" என்றேன்.

"கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்று மனுவை நீட்டினார். வாசலில் மனு எழுதுகிறவரை வைத்து எழுதியிருந்தது. 'சிதம்பரத்திலிருந்து வந்த கணினி அதிகாரி' என்று தொடங்கி என் முழுப் பெயரும் இருந்தது. 'தன் மனைவியையும் சாட்சிக்கு அழைத்து வந்து' என்று ஸ்டெல்லாவையும் சேர்த்திருந்தார்கள். இணைப்பு: டப்பா ஒன்று, நோட்டு ஒன்று, அந்தோணியார் படம் ஒன்று, எடுக்கப்போகும் தொண்ணூற்று நாலு நிலங்களின் ரகசிய சர்வே எண் பட்டியல் ஒன்று.

"தொண்ணூத்தி நாலு பேரு நெலம் சார். எங்கூர்ல மொத்தமே அவ்ளோ பேரு இல்ல" என்றார் பின்னால் நின்றவர்.

"இது வெளாட்டுய்யா. டப்பாவ ஒளிச்சு வெச்சிக் கண்டுபிடிக்கிறது" என்றேன். சொல்லும்போதே எனக்கே நம்பிக்கை இல்லை.

"கல்யாணம் ஆன ஆளுதானே நீங்க?" என்று கேட்டார் கலியபெருமாள். வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டெல்லாவும்தான். சிரிப்பு அடங்கியதும் அவர் மெதுவாகச் சொன்னார். "அன்னிக்கு வெள்ளைக்காரன் குண்டு போட்டு அளந்தான். குண்டு வுழுந்த வரைக்கும் எனக்குன்னான். நீங்க நேத்து உலகம் முழுக்க அளப்பேன்னு சொன்னீங்க. எனக்கு இருக்கிறது எம்பது சென்ட்டு சார்."

மச்சான்தான் முன்னால் வந்தார்.

"பெரியவரே, அந்தச் சீட்டு என்னுது. அதுல இருக்கறது கடல்ல இருக்கற எடம். எங்கப்பா காட்டிட்டுப் போனது. உங்களுக்கு எம்பது சென்ட்டு எப்படியோ, எனக்கு அது அப்படி. இவரு எங்க மாப்ள. நல்லவரு. கையை மட்டும் சும்மா வெச்சிக்க மாட்டாரு."

கலியபெருமாள் சீட்டைப் பிரித்தார். மச்சானிடம் காட்டாமல், "முப்பதாவது நம்பரு இன்னா?" என்று கேட்டார்.

"அது களவா மீன் கெடைக்கிற எடம். எங்கப்பா கடைசியாக் காட்டுனது. எழுதும்போது போட்டு ஆடிச்சு, அந்த வரியில எட்டு கோணலா இருக்கும்."

அவர் சீட்டைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். சீட்டை மடித்து மச்சான் கையிலேயே வைத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஆனா இவுரு எனக்கு எழுதித் தரணும்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். கலெக்டர் அலுவலக வேப்பமரத்தடியில், மனு எழுதுகிறவரின் பலகையில் வைத்து, டப்பாவில் இருந்த நோட்டிலேயே: 'கலியபெருமாள் அவர்களின் எண்பது சென்ட் நிலம் எனக்கு இப்போதும் வேண்டாம், எப்போதும் வேண்டாம்.' கீழே கையெழுத்து. சாட்சி அருள்தாஸ். உப்புக்கறை அந்தோணியாரை மச்சான் எடுத்துக்கொண்டார். புது அந்தோணியார் டப்பாவுக்குள் போனார். நானும் சாவி வளையத்தைப் போட்டுவிட்டேன். டப்பா குண்டுக்கல்லுக்கே போகட்டும், ஆனால் நோட்டு தன் கண் பார்வையில் இருக்கும் என்று கலியபெருமாள் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் மச்சான் எண்களை ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினார். நான் ஏற்றித் தருகிறேன் என்றேன். "நீங்க டீ குடிங்க மாப்ள" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். 002 என்று தொடங்கினார். 001-ஐ ஏன் அழிக்கவில்லை என்று கேட்டதற்கு, "இருக்கட்டும். இன்னொருக்கா எல்லாம் தொலைஞ்சா, எங்க போய்த் தேடணும்னு அது காட்டும்" என்றார்.

2012-இல் பிரபு லீவில் வந்தபோது குண்டுக்கல்லுக்குப் போய்விட்டு நேராக என் வீட்டுக்கு வந்தான். "டேய், அந்த நோட்டுல இன்னாடா எழுதியிருக்கு?" என்றான். மூன்று வருடத்தில் ஒன்பது பேர் டப்பாவைத் தேடி வந்திருக்கிறார்கள். எந்தெந்த நாட்டுக்காரர்களோ. தோப்புக்குள்ளிருந்து ஒரு பெரியவர் நோட்டோடு வந்து, என் பக்கத்தைத் திறந்து காட்டி, இதே மாதிரி எழுதினால்தான் டப்பாவைத் தொட விடுவாராம். ஒன்பது பேரும் அவரவர் மொழியில் எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேர் என் தமிழைப் பார்த்து அப்படியே எழுத்தெழுத்தாக வரைந்திருக்கிறார்கள். பிரபுவும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தான்.

அந்த வருடம் என் மகளுக்கு ஞானஸ்நானம். கலியபெருமாள் ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். மச்சான் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சொந்தக்காரர்களிடமெல்லாம் அறிமுகம் செய்தார். "எங்க மாப்ள மேல கலெக்டர் ஆபீசுல மனு போடப் போனாரே, அந்த ஐயா இவருதான்."

கலியபெருமாள் குழந்தையைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "சார், இதுகிட்டயும் ஒண்ணு எழுதி வாங்கணும். கையெழுத்துப் போடற வயசு வந்ததும் சொல்லுங்க" என்றார்.